காவிரித் தீவில் கறையான் காவல்

முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் காவிரி, வடக்கே கொள்ளிடம் என்ற பெயரோடும் தெற்கே தன் சொந்தப் பெயரோடும் ஓடிக் கல்லணையின் அருகே மீண்டும் நெருங்கி வருவதற்கு முன், நடுவில் ஒதுக்கி வைத்த நீண்ட வண்டல் தீவின்மேல்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும் அமைந்திருக்கின்றன. பஞ்சபூத ஸ்தலங்களில் அப்பு ஸ்தலமாகிய திருவானைக்காவில் கர்ப்பக்கிருகத்திலேயே நீர் ஊறுவதைத் தரிசித்தவர்கள், இந்தத் தீவில் பூமியின் மேற்பரப்புக்கும் அடியிலுள்ள தண்ணீருக்கும் இடைவெளி எவ்வளவு சொற்பம் என்பதை நன்கு அறிவார்கள். தென்னையும் வாழையும் செழிப்பதும், கொல்லைக் கிணறுகள் பலவற்றில் ஆழமான தோண்டலின்றியே நீர் கிடைத்து வந்ததும் அந்த ஈரத்தின் கொடைதான். அதே ஈரம், உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் தலைமுறைகளாக நிற்கும் வீடுகளின் தேக்கு நிலைகளுக்கும் விட்டங்களுக்கும் ஓயாத பகையாகவும் இருந்து வருகிறது. நிலத்தில் நீங்காத ஈரமும் அதன் அருகே மரமும் இருக்கும் பிரதேசம் எதுவோ, அதுவே கறையானுக்கு உகந்த பிரதேசம்.

இந்நாளில் நிலைக்கதவின் மேல் மண்கோடு ஒன்று ஏறியிருப்பதைக் கண்டவுடன், திருச்சியில் உள்ள கிரகஸ்தர் எவரும் செய்வது, பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனி ஒன்றுக்குத் தொலைபேசியில் சொல்லி ஆளை வரவழைப்பதுதான். வருகிறவர் தோளில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு, கண்ணில் பட்ட மூலைகளில் எல்லாம் மருந்தைப் பீய்ச்சிவிட்டு, ரசீதைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். சில மாதங்கள் கழிந்து வேறொரு சுவரில் அதே மண்கோடு தோன்றும்போது, மருந்து போதவில்லை என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். பெரும்பாலும் போதாமற்போனது மருந்தன்று, பரிசோதனை. இந்தத் தொழிலின் ஜீவன் விஷத்தில் இல்லை, பூச்சியின் வழியையும் வீட்டின் ஈரத்தையும் அறிவதிலேதான் இருக்கிறது என்பதே என் திடமான அபிப்பிராயம். நீரும் நிலமும் இவ்வளவு நெருங்கிக் கிடக்கும் தீவில் இதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கறையானைப் பற்றிச் சாதாரணமாக நாம் கொண்டிருக்கும் எண்ணங்கள் பல பிழையானவை. வெள்ளை எறும்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆயினும் அதற்கும் எறும்புக்கும் உறவு மிகத் தூரமானது. அது கரப்பான் பூச்சியின் வம்சத்தைச் சேர்ந்தது என்றே பூச்சியியல் அறிஞர்கள் இன்று வகுத்திருக்கிறார்கள். எறும்போ கறையானைக் கண்ட இடத்தில் தூக்கிச் செல்லும் ஜன்ம விரோதி. மண்ணுக்குள் ஒரு குடியில் ராணியும் ராஜாவும், எண்ணற்ற வேலைக்காரக் கறையான்களும், பெரிய தலையும் தாடையும் கொண்ட சிப்பாய்க் கறையான்களும் இருக்கின்றன. நம் மரத்தைத் தின்பவை வேலைக்காரக் கறையான்கள் மாத்திரமே. மற்றவற்றுக்கு அவைதாம் ஊட்டுகின்றன. வயிறு புடைத்து அசைய மாட்டாமல் கிடக்கும் ராணி, ஆண்டுக்கணக்கில் உயிரோடிருந்து, ஒரு நாளில் பல ஆயிரம் முட்டைகளை இடவல்லது. எனவே நம் கண்ணுக்குப் புலப்பட்ட நூறு கறையான்களைக் கொல்வதனால் அக்குடிக்கு விளையும் நஷ்டம் யாதொன்றும் இல்லை.

மழைக்காலத்தின் முதல் மழைகள் ஓய்ந்த மாலையில் தெருவிளக்கைச் சூழ்ந்து மொய்த்து, சிறிது நேரத்தில் இறகுகளை உதிர்த்துவிட்டுத் தரையில் ஜோடி ஜோடியாக ஊர்ந்து செல்லும் ஈசல்கள் இந்தக் குடிகளிலிருந்து புதுக்குடி அமைக்கப் புறப்பட்டவையே. பல்லியும் தவளையும் பறவைகளும் தின்றது போக எஞ்சுபவை மிகச் சிலவே. கிராமங்களில் மக்களும் ஈசலைப் பிடித்து அரிசியோடு வறுத்து உண்பது உண்டு. ஆயினும் வீட்டுக்குள்ளேயே, சுவர் ஓரத்திலோ நிலைப்படியின் அடியிலோ உதிர்ந்த இறகுகள் குவியலாகக் கிடந்தால் அதை அசட்டை செய்யலாகாது. வெளியிலிருந்து விளக்குக்கு வந்தவை ஜன்னலருகே சிதறிக் கிடக்கும். சுவரின் வெடிப்பிலிருந்தே அவை புறப்பட்டிருந்தால், உள்ளே ஒரு குடி வெகுகாலமாக வளர்ந்திருக்கிறது என்பதே பொருள்.

இந்த ஜீவனை முதன்முதலாக விஞ்ஞான முறையில் ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவர் நம் சோழநாட்டிலேயே இருந்து அதைச் செய்தார் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாத சரித்திரம். லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் தேசத்து மேதையின் மாணாக்கரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-ல் தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்து சேர்ந்தார். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும் கும்பினியாரிடமும் இயற்கை நூல் ஆராய்ச்சியாளராகப் பணிபுரிந்தார். இந்தப் பக்கத்துக் கறையான்களைத் தோண்டிப் பார்த்தும் அவற்றின் நடவடிக்கைகளைக் கவனித்தும் அவர் ஜெர்மன் பாஷையில் எழுதிய நீண்ட கட்டுரை 1779-ல் பெர்லினில் வெளியாயிற்று. ஆப்பிரிக்காவின் கறையான் புற்றுக்களைப் பற்றி ஹென்றி ஸ்மீத்மன் லண்டனில் வெளியிட்டுப் புகழடைந்த கட்டுரைக்கு அது இரண்டாண்டுகள் மூத்தது. காவிரி பாயும் நாட்டின் மண்ணைத் தோண்டிப் பெற்ற அறிவு அது.

கறையானால் நாம் இழந்தவற்றைப் பேசத் தொடங்கினால் மரத்தோடு நிற்காது. தில்லையில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபோது தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்ததாகவும், எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி எஞ்சியவற்றை மாத்திரம் நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் மீட்டதாகவும் சைவ மரபு சொல்லி வருகிறது. அழிந்துபோன பதிகங்கள் எத்தனை என்று நினைத்துப் பார்க்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது. ஏடுகளைக் காக்கும் உபாயங்களை நம் முன்னோர் அறியாமல் இருந்ததில்லை. தஞ்சை சரஸ்வதி மஹால் நூல் நிலையத்தில் வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், மிளகு, பட்டை, கற்பூரம் ஆகியவற்றைப் பொடித்துச் சிறு துணி முடிச்சுகளில் கட்டிச் சுவடிகளின் அருகே வைக்கும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. வாசனையால் பூச்சியை விலக்கும் உபாயம் அது. அதைவிடப் பெரிய காவல், சுவடிகளை அடிக்கடி எடுத்துப் பிரித்துத் துடைத்து வைத்த மனிதரின் கைகள்.

வீடு கட்டுவதிலும் அவ்விதமான அறிவு நம் கொத்தனார்களிடமும் தச்சர்களிடமும் இருந்தது. ஸ்ரீரங்கத்தில் எஞ்சியிருக்கும் பழைய வீடு ஒன்றின் திண்ணையில் உட்கார்ந்து தூணின் அடியைப் பாருங்கள். மரத்தூண் நேராக மண்ணில் நடப்பட்டிராது. கருங்கல் பீடம் ஒன்றின்மேல் நிற்கும். வாசற்படி கருங்கல்லாகவே இருக்கும். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தின் ஓரமும் கல்லே. இதை நாம் அழகுக்காகச் செய்தது என்று எண்ணுகிறோம். அழகு உண்டுதான், அதோடு, மண்ணிலிருந்து மரத்துக்கு ஏற விரும்பும் கறையான் கல்லின்மேல் வெளிப்படையாக மண்குழாய் கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தையும் அந்தக் கல் உண்டாக்கிவிடுகிறது. வெயிலும் காற்றும் பட்டால் உலர்ந்து மாய்ந்துபோகும் மெல்லிய உடல் அதற்கு. ஆதலால் மறைவின்றி அது வெளியே நடப்பதில்லை. கல்லின்மேல் மண்குழாய் தெரிந்தவுடன், காலையில் வாசல் தெளித்துக் கோலமிடும் பெண்ணின் துடைப்பமே அதைத் தட்டிவிடும். இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1971-ல் முதன்முதலாக வெளியிட்ட 6313-ஆம் எண்ணுள்ள விதித்தொகுப்பின் முதற்பகுதி, மருந்தைப் பற்றிப் பேசுமுன் கட்டடத்தின் அமைப்பினாலேயே கறையானைத் தடுக்கும் முறைகளைப் பேசுகிறது. அதன் கருத்தும் நம் கருங்கல் பீடத்தின் கருத்தும் ஒன்றேதான்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் விவேகம் இருந்தது. தேக்கின் வைரப்பகுதியில் இயற்கையாகவே ஊறியிருக்கும் ரசாயனப் பொருள்கள் கறையானுக்கு ஒவ்வாதவை. அதே தேக்கின் வெளிப்புறத்து வெளிர்ப்பகுதியிலோ அந்தக் காப்பு இல்லை. பர்மாத் தேக்கை வாங்கி, வெளிர்ப்பகுதியைச் செதுக்கித் தள்ளிவிட்டு, வைரத்தை மாத்திரம் நிலைக்கும் விட்டத்துக்கும் வைத்த தச்சனின் கைக்கு இன்று கூலி கொடுக்க முடியாது என்று சொல்லி, வெளிர்ப்பகுதியோடு கூடிய இளமரத்தை வாங்கிப் பளபளப்பாக வார்னிஷ் அடித்து விடுகிறோம். தேருக்கு இலுப்பை மரத்தை நம்மவர் தேடியதும் காரணம் அறிந்து செய்த காரியமே. மார்கழியின் முடிவில் போகி வந்ததும் வீட்டிலுள்ள பெட்டி, பரண், மூட்டை அனைத்தையும் நகர்த்தி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த சம்பிரதாயத்தையும் இங்கே நினைக்கிறேன். வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் எந்த மூலையில் எது குடியேறியிருக்கிறது என்று ஆண்டுக்கொருமுறை வீடு முழுவதையும் பார்வையிடுவதற்கு அதைவிடப் பொருத்தமான காலம் வேறில்லை.

இப்பொழுது நிலைமை வேறாகிவிட்டது. முற்றத்தை மூடிவிட்டோம், தாழ்வாரத்தைக் குளியலறையாக மாற்றிவிட்டோம், பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடிகள் எழுப்புகிறோம். சமையலறையின் அலமாரிகள் ஒட்டுப்பலகையாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாலும் ஆகி, சுவரோடு சுவராகத் திருகி வைக்கப்படுகின்றன. அவற்றின் பின்புறத்தை அமைத்த நாளுக்குப் பிறகு எவரும் பார்த்ததில்லை. மின்கம்பி செல்லும் குழாயும் கழிவுநீர்க் குழாயும் தரையிலிருந்து மேல்மாடி வரை இருட்டான பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. மூன்றாம் மாடியில் குடியிருப்பவர், மண்ணே இல்லாத இடத்துக்குக் கறையான் எப்படி வந்தது என்று ஆச்சரியப்படுகிறார். அடியில் மண்ணும் வழியில் ஒரு கசிவும் இருந்துவிட்டால், வந்து சேருவதற்கு வேறொன்றும் அதற்கு வேண்டியதில்லை.

இந்தத் தொழிலில் நெடுநாள் பழகிய ஒருவர் ஸ்ரீரங்கத்துப் பழைய வீடு ஒன்றைப் பரிசோதித்ததை அருகிலிருந்து கவனிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வீட்டு அம்மாள் காட்டியது பூஜை அறையின் நிலை. பரிசோதிக்க வந்தவர் திருப்புளியின் மரப்பிடியால் நிலையை அடியிலிருந்து மேல்நோக்கித் தட்டிக்கொண்டே போனார். முதலில் கேட்ட அழுத்தமான ஓசை, முழங்கால் உயரத்தில் பொத்துப் பொத்தென்று மாறிற்று. அங்கே திருப்புளியின் முனையை வைத்து லேசாக அழுத்தினார்; சாயத்தின் மேல்தோல் உள்ளே விழுந்தது. மரத்தின் வரிகள் நீளவாட்டில் மெல்லிய தகடுகளாக நிற்க, இடையில் ஈரமண் அடைத்திருந்தது. நான் எதிர்பார்த்தபடி அவர் அங்கே மருந்தைச் செலுத்தவில்லை.

“மாமி, இந்தச் சுவருக்கு அந்தண்டை என்ன இருக்கு?” என்று கேட்டார்.

“பாத்ரூம்தாம்ப்பா. போன வருஷம்தான் புள்ளையாண்டான் கட்டினான்.”

குளியலறைக்குள் போய்ச் சுவரின் அடியைக் கையால் தடவினார். குழாயின் இணைப்பு ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. பூச்சு உப்பிக் கறுத்திருந்தது. பிறகு கொல்லைப்புறம் சென்று, சுவரோரம் அடுக்கி வைத்திருந்த தென்னை மட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். அடித்தளத்திலிருந்து பென்சில் பருமனில் மண்குழாய் ஒன்று சுவர்மேல் ஏறிக் குளியலறைக் குழாய் நுழையும் ஓட்டையில் மறைந்திருந்தது. அதில் இரண்டங்குல நீளத்தை மாத்திரம் நகத்தால் பெயர்த்தார். வெளிறிய வேலைக்காரக் கறையான்கள் சிதறி உள்ளே ஓடின. சிப்பாய்கள் சில வாயிலில் வந்து நின்றன. அவற்றில் ஒன்றைக் குச்சியால் சீண்டியபோது தலையிலிருந்து பால்நிறத் துளி ஒன்று கசிந்ததைக் காட்டி, இது புற்று எழுப்பும் ஜாதி அன்று, வீட்டுச் சுவருக்குள்ளும் ஈரமரத்துக்குள்ளும் மறைந்து வாழும் ஜாதி என்று எனக்கு விளக்கினார்.

“நாளைக்கு வந்து பாக்கறேன் மாமி. அதுக்குள்ளே இந்த உடைஞ்ச இடத்தை அதுங்க மூடியிருந்தா உள்ளே குடி நல்லா ஓடிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். அதுவரைக்கும் மண்ணெண்ணெய் எதுவும் ஊத்திடாதீங்க. முதல்ல அந்தக் குழாயைச் சரி பண்ணச் சொல்லுங்க.”

மறுநாள் அந்த இரண்டங்குலமும் புதிய ஈரமண்ணால் மூடப்பட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் துளையிடும் இயந்திரம் வெளியே வந்தது. நாடி பிடித்துப் பார்த்தபின் மருந்துப் பெட்டியைத் திறக்கும் வைத்தியரின் ஒழுங்கை அதில் கண்டேன்.

கட்டி முடிந்த வீட்டில் செய்யப்படும் சிகிச்சையை 6313-ஆம் விதித்தொகுப்பின் மூன்றாம் பகுதி விவரமாகச் சொல்கிறது. தரையும் சுவரும் சேரும் மூலையில் ஓரடிக்கு ஒன்றாக, அதாவது 300 மில்லிமீட்டர் இடைவெளியில், சிறு துளைகள் இட்டு, அடியிலுள்ள மண் ஏற்கும் அளவுக்கு, துளை ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வரை, மருந்துக் கரைசலை மெதுவாகச் செலுத்திச் சிமெண்டால் அடைத்துவிட வேண்டும். வெளிப்புறத்திலும் அடித்தளத்தை ஒட்டி மண்ணைக் கிளறிக் கரைசலைச் சேர்ப்பார்கள். கட்டுமுன்னரே செய்வதானால் அஸ்திவாரக் குழியிலும் தரைக்கடியிலும் மண் முழுவதற்கும் மருந்திடும் முறை இரண்டாம் பகுதியில் இருக்கிறது. தரைமண்ணின் சதுர மீட்டருக்கு 5 லிட்டர், அஸ்திவாரச் சுவரை ஒட்டிய மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர் என்று அது அளவு வகுக்கிறது. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் சிமெண்டுக்கும் கம்பிக்கும் எண்ணிப் பார்த்துச் செலவிட்டுவிட்டு, தரை போடுவதற்கு முந்திய நாளில் நடக்க வேண்டிய இந்தக் காரியத்தை மேஸ்திரியின் ஞாபகத்துக்கு விட்டுவிடுகிறார்கள். பிறகு செய்யும் துளைச் சிகிச்சை எவ்வளவு திறமையாகச் செய்யப்பட்டாலும் இதற்கு ஈடாகாது.

மருந்துகளிலும் இருவகை உண்டு. பழையவற்றில் சில, கறையான் நெருங்கியவுடன் உணர்ந்து விலகிப்போகச் செய்யும் தன்மையுடையவை. இடைவெளி ஒன்று விட்டுப்போனால் அதன் வழியே அது சுற்றிக்கொண்டு வந்துவிடும். இமிடாகுளோப்ரிட், ஃபிப்ரோனில் முதலிய பிற்காலத்து மருந்துகளைக் கறையானால் உணர முடிவதில்லை. அது அந்த மண்ணிலேயே நடந்து, ஒன்றையொன்று நக்கியும் வாயோடு வாய் ஊட்டியும் வாழும் தன் வழக்கத்தினாலேயே விஷத்தைத் தன் இனத்தாருக்குப் பங்கிட்டு விடுகிறது. மூன்றாவதாக ஒரு யுக்தியும் 1990-களிலிருந்து உலகில் பரவிவருகிறது. கறையான் விரும்பும் மரநார்ப் பொருளில், அது தோலுரிப்பதைத் தடுக்கும் ஹெக்ஸாஃப்ளூமூரான் போன்ற பொருளைச் சேர்த்து, வீட்டைச் சுற்றிச் சிறு பெட்டிகளில் வைத்துவிடுவார்கள். தோலுரிக்க மாட்டாமல் வேலைக்காரக் கறையான்கள் மெல்ல மெல்ல மடிய, ஊட்டுவாரின்றிக் குடியே அழிகிறது. மாதக்கணக்கான பொறுமையும் அடிக்கடி பார்வையிடுதலும் இதற்கு வேண்டும், செலவும் கூடுதல். ஆயினும் மண்ணில் மருந்து சேர்வது மிகச் சொற்பமாகையால், கிணற்றையொட்டிய வீடுகளுக்கு இதுவே உசிதம் என்று நான் எண்ணுகிறேன்.

கிணற்றைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஸ்ரீரங்கத்தின் பழைய மனைகள் நீண்டு ஒடுங்கியவை. வீட்டின் பின்சுவருக்கும் கிணற்றுக்கும் இடையே பல வீடுகளில் சில அடிகளே இருக்கின்றன. பக்கத்து வீட்டுக் கிணறு மதிலின் அந்தப்புறம். வண்டல் மணலோ தண்ணீரைத் தங்கவிடாமல் வடியவிடுவது. இத்தகைய மண்ணில் நூறு லிட்டர் கரைசலைச் செலுத்திவிட்டு, அது செலுத்திய இடத்திலேயே நிற்கும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. திருச்சி மாநகரம் குடிப்பதும் காவிரி, கொள்ளிடப் படுகைகளின் மணலில் ஊறி எடுக்கப்படும் நீர்தான். ஆகவே வருகிற ஆளிடம் முதலில் காட்ட வேண்டியது கறையானை அன்று, கிணற்றை. அது எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது, ஆழ்குழாய் எங்கே, மழைநீர் சேமிப்புக் குழி எங்கே என்று அவராகவே கேட்டால் அவர் தொழில் தெரிந்தவர். கேளாமல் குழாயை நீட்டுகிறவரை வாசலோடு அனுப்பிவிடுவதில் தவறில்லை. அவ்விதமான இடங்களில் கிணற்றுப் பக்கத்துச் சுவருக்கு மண்மருந்தை விலக்கி, மரத்துக்கு மாத்திரம் மருந்திடுவதோ, நான் முன் சொன்ன இரைப்பெட்டிகளை வைப்பதோ செய்யலாம்.

விஷப் பொருள்களைப் பற்றிய சட்டம் நம் தேசத்தில் பிறந்த வரலாறும் துயரமானது. 1958-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கப்பலில் வந்த கோதுமை மாவில் பூச்சிக்கொல்லி தவறிக் கலந்துவிட்டதை அறியாமல் உண்டு, கேரளத்திலும் அந்நாளைய சென்னை ராஜ்யத்திலும் பலர் மாண்டார்கள். அதன்பின் நடந்த விசாரணைகளின் முடிவாக 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971-ல் அதன் விதிகளும் வந்தன. இன்று இத்தொழிலைச் செய்வதற்கு உரிமம் அவசியம் என்பதும், பாஸ்பின் வாயுவை வெளியிடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகள் போன்றவற்றைச் சாதாரண ஜனங்கள் கையாளக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தின் விளைவுகள். அந்த மாத்திரையைக் கடையில் எவ்விதமோ வாங்கிவந்து, அரிசி மூட்டையோடு படுக்கையறையில் வைத்துவிடும் விபரீதம் இன்னும் எங்கெங்கோ நடக்கிறது. மூடிய அறையில் அது உறங்குகிறவர்களின் உயிரையே வாங்கிவிடும்.

ஒரு காலத்தில் கறையானுக்குச் சர்வரோக நிவாரணியாகக் கருதப்பட்ட ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகிய மூன்றையும் இந்திய அரசாங்கம் 1996-ல் தடை செய்தது. மண்ணில் பத்தாண்டுகளுக்கு மேலும் அழியாமல் நிற்கும் என்பதே அவற்றின் பெருமையாகச் சொல்லப்பட்டது. அழியாமல் நின்று, ஜீவராசிகளின் கொழுப்பில் சேர்ந்து தாய்ப்பால் வரை சென்றதே அவற்றின் தடைக்கும் காரணமாயிற்று. அவற்றுக்குப் பின் வந்த குளோர்பைரிபாஸை, குழந்தைகளின் நரம்பு வளர்ச்சியை முன்னிட்டு, அமெரிக்கா 2000-ஆம் ஆண்டிலிருந்து வீட்டு உபயோகங்களினின்றும் விலக்கத் தொடங்கியது. மருந்துப் புட்டியின் மேல் சாய்சதுரமாக அச்சிட்டிருக்கும் நிறத்தைப் பார்க்க எழுத்தறிவுகூடத் தேவையில்லை. சிவப்பு மிகக் கொடிய நஞ்சைக் குறிக்கும். மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை படிப்படியாகக் குறையும். முத்திரை உடையாத புட்டியைத் தம் கண்முன் திறந்து, அளந்து கலக்கச் சொல்லும் உரிமை ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் உண்டு. வேறெங்கோ கலந்துகொண்டு வந்த பெயரில்லாத கரைசலை வீட்டுக்குள் விடவே கூடாது.

திருச்சியிலிருந்து வடக்கே துறையூரைக் கடந்தால் தெரியும் பச்சைமலையில் விஷயம் வேறுவிதமானது. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் அந்தக் காட்டூர்களில், மண்சுவரின்மேல் புல் வேய்ந்த பழைய வீடுகளுக்கு அடுப்புப் புகையே காவலாயிருந்தது. நாள் தவறாமல் கூரைக்குள் ஏறிப் படிந்த கரி, மூங்கிலையும் புல்லையும் உளுக்கவிடாமல் காத்தது. புகை நெஞ்சுக்கு ஆகாது என்பதால் அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்ல மாட்டேன். ஆனால் காட்டோரத்து வீட்டில் கறையானைப் பூண்டோடு ஒழிக்க நினைப்பது பொருந்தாது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். விழுந்த மரத்தையும் சருகையும் மண்ணாக்குவது அங்கே அதன் வேலை. தன் புற்றுக்குள் அது வளர்க்கும் பூஞ்சணத்திலிருந்தே மழைக்குப்பின் முளைக்கும் புற்றுக்காளான் பலருக்கும் ருசியான உணவு. வீட்டையும் அதைச் சுற்றி ஒரு கஜ தூரத்தையும் காத்துக்கொண்டு, அதற்கப்பால் காட்டைக் காடாக விடுவதே அங்கே முறை. இறவாணத்தில் கட்டிய மலைத்தேனீக் கூட்டை எரிப்பதும், பயந்துபோய் ஒவ்வொரு பாம்பையும் அடிப்பதும் அவ்விதமே தவிர்க்கத்தக்கவை. எலி பெருகாமல் காப்பதில் பாம்பின் பங்கு பெரிது.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரில், இரண்டு ஆறுகளுக்கும் நடுவே உள்ள காட்டுநிலத்தில் 2015-ல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பார்த்தவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்வது எளிது. கொசுவுக்கென்று தோட்டம் முழுவதும் அடிக்கும் மருந்து, கறிவேப்பிலையில் புழுவாக இருந்து அழகிய சிறகோடு வெளிவரும் அந்த ஜீவனையும் சேர்த்தே கொல்கிறது.

புற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொல்லையில் புற்று எழும்பினால் அதற்கு மஞ்சள் பூசி, அம்மன் என்று வணங்குகிறவர்கள் பலர். இடித்தால்தான் வீடு பிழைக்கும் என்று கடப்பாறை எடுப்பவர்களும் உண்டு. வணங்குகிறவர்களின் நம்பிக்கையைப் புண்படுத்த அவசியமே இல்லை. நான் கண்ட வீட்டைப் போலவே, நிலையைத் தின்னும் ஜாதி பல சமயங்களில் புற்று எழுப்பாத ஜாதி. புற்றின் மேற்பகுதியை இடிப்பதனால் ஆழத்திலிருக்கும் ராணிக்கும் தீங்கு வருவதில்லை. வீட்டின் சுவரோடு ஒட்டி எழுந்தாலன்றி அதை விட்டுவிடுவதே நல்லது.

மற்றப் பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நாற்காலிக் காலின் கீழ் மாவுபோன்ற தூள் கொட்டினால் அது கறையான் அன்று, உளுவண்டு. அதற்குத் தரையைத் துளையிடுவது வீண்செலவு, அந்த மரத்துக்கு மாத்திரம் மருந்திட்டால் போதும். கரப்பானுக்கு அறை முழுவதும் தெளிக்கும் காலம் போய்விட்டது. கீல்களிலும் மூலைகளிலும் வைக்கும் பசைமருந்து அதைவிடப் பயனுள்ளது, சமையல் பாத்திரங்களையும் வெளியே எடுக்க வேண்டியதில்லை. உறையூர்ச் சுருட்டுக்குப் பேர்பெற்ற நகரத்தில் புகையிலை வண்டைத் தெரியாத வியாபாரி இருக்க மாட்டார். அதே வண்டு மிளகாயிலும் மஞ்சளிலும் குடியேறுவதை வீட்டுப் பெண்கள் அறிவார்கள். வெயிலும் காற்றுப் புகாத டப்பாவும் அதற்குப் போதும். காந்தி மார்க்கெட்டை ஒட்டிய தெருக்களின் எலிக்கு மருந்து கடைசி உபாயமாகவே இருக்க வேண்டும். குப்பை அகன்று, சாக்கடையின் மூடிகள் பொருந்தினாலே பாதி ஒழியும்.

கறையானுக்கு ஆள் அமர்த்துகிறவர்கள் விலையை மட்டும் விசாரிக்காமல், உரிமத்தின் நகலைக் கேட்டுப் பார்க்க வேண்டும். எந்த மருந்து, எத்தனை விழுக்காடு, எத்தனை துளைகள், எந்த அறைகள், கிணற்றுப் பக்கத்தில் என்ன ஏற்பாடு என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். ஐந்தாண்டு உத்தரவாதம் என்று அச்சடித்த தாளில், இடையில் எத்தனை முறை வந்து பார்ப்பார்கள் என்று குறிக்கப்படாவிட்டால், அதைக் குறிக்கச் சொல்ல வேண்டும். மருந்திட்ட அன்று குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் தங்குவது நல்லது. மீன்தொட்டியையும் பறவைக் கூண்டையும் அப்புறப்படுத்த வேண்டும். கசிகிற குழாயைச் செப்பனிடாமல் மருந்திடச் சம்மதிக்கலாகாது. புரட்டாசியில் மழை தொடங்குமுன் ஒருமுறையும், தையில் ஈரம் வற்றத் தொடங்கும்போது ஒருமுறையும், அந்த ஆளையே வரவழைத்துத் திருப்புளியின் பிடியால் நிலைகளைத் தட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் மருந்து எதுவும் அடிக்காமல் திரும்பிப் போனாலும் அவருக்குரிய கூலியை மனமுவந்து கொடுக்கலாம்.